ஏரி நடுவே ஒரு மணிக்கோபுரம்
கிரௌன் என்னும் ஆல்ப்ஸ் மலைச் சிற்றூரின் வரலாறு

இத்தாலி நாட்டின் வடகோடியில், ஆஸ்திரியாவின் எல்லையும் சுவிட்சர்லாந்தின் எல்லையும் அடுத்தடுத்து அமைந்த மலைவெளியில் நீண்டதோர் ஏரி உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஆறு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமுமாகக் கிடக்கும் நீர்ப்பரப்பு அது. அதன் கீழைக் கரையருகே, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தேவாலயத்தின் மணிக்கோபுரம் தனியே எழுந்து நிற்கிறது. கோபுரத்தை ஒட்டித் தேவாலயம் இல்லை. தேவாலயத்தைச் சுற்றி ஊர் இல்லை. ஆல்ப்ஸ் மலைநாட்டைப் பற்றிய வண்ணப்பட அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் இக்காட்சியைக் கண்டிராதவர் குறைவு. படத்தைக் கண்டவர்களில் அக்கோபுரத்தின் அடியில் கிடக்கும் ஊரின் பெயரை அறிந்தவர் மிகக் குறைவு. அவ்வூரின் பெயர் கிரௌன். இத்தாலிய மொழியில் குரோன்.

ஓர் ஊருக்கு இரண்டு பெயர்கள் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் கிரௌனைப் பொறுத்தவரை, அந்த இரண்டாம் பெயர் வந்த கதையும் ஊர் நீரில் மறைந்த கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மொழிக்கென்றே கூடிப் பத்தாண்டுகளைக் கடந்த ஒரு வட்டத்தின் மலரில் தொலைதூர மலையூர் ஒன்றின் வரலாற்றுக்கு இடம் கேட்பதற்கு இதுவே காரணம்.

கணவாயும் பெருவழியும்

கிரௌனுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் ரெஷன் கணவாய் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் முதன்மையான நீர்ப்பிரிமுகட்டின் மீது அமைந்த கணவாய் இது. இதற்கு வடக்கே விழும் மழைநீர் இன் ஆற்றையும் தன்யூபையும் அடைந்து கருங்கடலுக்குப் போகிறது. தெற்கே விழும் நீர் எட்ச் ஆறாகி, இத்தாலியச் சமவெளியில் ஆடிஜே என்னும் பெயருடன் ஓடி ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கிறது. இத்தாலியின் இரண்டாவது நீளமான ஆறாகிய அது, ரெஷன் ஊருக்கு மேலே ஒரு சிறு ஊற்றாகத் தொடங்குகிறது. அந்த ஊற்றைக் கல்கட்டிக் காட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை பெரிய ஆற்றுக்கு இத்தனை எளிய பிறப்பிடமா என்று நிற்போர் எண்ணாமல் போவதில்லை.

உயரமான கணவாயாக இருந்தும் ஏற்றம் கடுமையற்றதாகையால் உரோமானியர் இதனைப் பெருவழியாக்கினர். கி.மு. 15ஆம் ஆண்டில் துரூசஸ் தன் படையெடுப்பின்போது வகுத்த வழியை, அவர் மகன் பேரரசர் கிளாடியஸ் கி.பி. 46-47ஆம் ஆண்டுகளில் சாலையாக்கி முடித்தார். வட இத்தாலியையும் தன்யூப் கரையையும் இணைத்த அச்சாலை 'வியா கிளாடியா அகுஸ்தா' எனப்பட்டது. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் கிடைத்த கி.பி. 46ஆம் ஆண்டு மைல்கல் இதற்குச் சான்று. வணிகரும் படைவீரரும் உரோமை நோக்கிச் செல்லும் யாத்திரிகரும் நூற்றாண்டுதோறும் இவ்வழியே நடந்தனர். பனிக்காலத்தில் இந்த மேட்டுவெளியைக் கடப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். ஆகவே 1140இல் அருகிலுள்ள புர்கைஸ் ஊரினரான உல்ரிக் பிரிமேலே என்பவர், கிரௌனுக்குத் தெற்கே புனித வாலண்டின் என இன்று வழங்கும் இடத்தில் வழிப்போக்கருக்கென ஒரு சத்திரத்தை நிறுவினார். ஊர் என்று சொல்லத்தக்க குடியிருப்பு அங்கே அச்சத்திரத்தைச் சுற்றியே வளர்ந்தது.

இப்பள்ளத்தாக்கின் பெயர் வின்ஷ்காவ். இதன் மேற்பகுதியில் பழங்காலத்தில் வழங்கிய மொழி ஜெர்மனும் அன்று, இத்தாலியமும் அன்று. இலத்தீனிலிருந்து கிளைத்த ரொமான்ஷ் மொழியே இங்கு நெடுங்காலம் பேசப்பட்டது. இடைக்கால ஆவணங்களில் கிரௌன் 'குரூன்' என்றே குறிக்கப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் மரியன்பேர்க் மடாலயத் தலைவர், எல்லைக்கு அப்பாலுள்ள சுவிஸ் சீர்திருத்தக் கிறித்தவரோடு தம் மக்கள் உறவு கொள்ளாதிருக்கும் பொருட்டு ரொமான்ஷ் பேச்சைத் தடுக்க முனைந்தார். சமயத்தைக் காக்க மொழியை வெட்டிய செயல் அது. அடுத்த நூற்றாண்டுகளில் இப்பகுதி முழுவதும் ஜெர்மன் பேச்சுக்கு மாறியது. பின்னாளில் ஜெர்மன் மொழிக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, அதற்கு முன்னர் இங்கே ஒரு மொழி அடங்கிப்போனதையும் சொல்லிவைப்பதே நேர்மையாகும்.

மூன்று ஏரிகளின் கரையில்

அந்நாளில் இந்த மேட்டுவெளியில் மூன்று இயற்கை ஏரிகள் இருந்தன. வடக்கே ரெஷன் ஏரி, நடுவே கிரௌன் ஏரி எனவும் வழங்கிய நடு ஏரி, தெற்கே ஹைடர் ஏரி. எட்ச் ஆறு இம்மூன்றையும் நூல்போலக் கோத்துக்கொண்டு ஓடியது. ஏரிகளுக்கு இடைப்பட்ட சமதளமே கிரௌன் மக்களின் வாழ்வு. சுற்றிலும் மலைச்சரிவு, சமநிலம் என்பது அந்தப் பள்ளத்தின் அடிப்பகுதி மட்டுமே. அங்குதான் புல்வெளிகள், அங்குதான் சிறு வயல்கள்.

மலைநாட்டு உழவைப் பற்றிச் சிறிது விளக்கினால்தான் பின்னர் நேர்ந்த இழப்பின் அளவு புரியும். 1,500 மீட்டர் உயரத்தில் பயிர்க்காலம் குறுகியது. தானியம் ஏதோ வீட்டுக்குப் போதும், மாடே செல்வம். கோடையில் மாடுகள் மேல்மலை மேய்ச்சலுக்குப் போய்விடும். ஆனால் ஆண்டில் பாதிக்கு மேல் பனி மூடிக்கிடக்க, அம்மாதங்களில் மாடுகளுக்குத் தொழுவத்தில் வைக்கோல் போட வேண்டும். அந்த உலர்புல் விளையும் இடம் பள்ளத்தாக்கின் அடித்தளப் புல்வெளியே. எத்தனை மாடு வைத்திருக்கலாம் என்பதை மேய்ச்சல் மலை முடிவு செய்வதில்லை. கீழ்ப்புல்வெளியே முடிவு செய்கிறது. அந்தப் புல்வெளி போனால் மலை முழுதும் மிஞ்சியிருந்தும் பயனில்லை.

மேல் வின்ஷ்காவில் தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் அனைவரும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அண்டையிலுள்ள தைரோல் பகுதிகள் பலவற்றில் மூத்தவன் ஒருவனே நிலத்தைப் பெறுவான். பங்கீட்டினால் தலைமுறைதோறும் நிலம் துண்டு துண்டானது. வறுமை மிகுந்தது. கைவண்டியை இழுத்துக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்று சில்லறைப் பொருள் விற்றும் பாத்திரம் செப்பனிட்டும் பிழைத்த 'கார்னர்' எனப்பட்ட நாடோடிக் குடும்பங்கள் இப்பகுதியில் பெருகின. இன்னும் கொடிது, பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய வழக்கம். வசந்தகாலத் தொடக்கத்தில், பனி முற்றும் உருகாத கணவாய்களின் வழியே சிறுவர் சிறுமியர் கூட்டமாக நடத்திச் செல்லப்பட்டனர். தென் ஜெர்மனியின் ரேவன்ஸ்பேர்க், ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் முதலிய ஊர்களில் கூடிய சந்தையில் ஸ்வாபிய நாட்டுப் பண்ணையார்கள் அவர்களைக் கோடைகால வேலைக்குத் தெரிந்தெடுத்தனர். நவம்பரில் புனித மார்ட்டின் திருநாளையொட்டிப் புது உடையும் சிறு கூலியுமாகப் பிள்ளைகள் திரும்புவர். 'ஸ்வாபியப் பிள்ளைகள்' என வரலாற்றில் பெயர் பெற்ற இச்சிறார்களின் நடை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. வீட்டில் ஒரு வாய் குறைந்தால் ஒரு பருவம் தாங்கும் என்பதே பெற்றோரின் கணக்கு.

பெயரை மாற்றியவர்கள்

முதல் உலகப் போர் முடியும் வரை கிரௌன் ஆஸ்திரியப் பேரரசின் தைரோல் நாட்டைச் சேர்ந்திருந்தது. 1919 செப்டம்பர் 10இல் கையெழுத்தான சேன் ஜெர்மேன் உடன்படிக்கையால் தைரோலின் தென்பாதி இத்தாலிக்குப் போயிற்று. 1920 அக்டோபரில் இணைப்பு முறைப்படி நடந்தேறியது. ரெஷன் கணவாய் நாட்டெல்லையானது. கிரௌன் மக்கள் ஒருவரும் ஊரைவிட்டு நகரவில்லை. எல்லைதான் அவர்களைத் தாண்டி நகர்ந்தது.

1922இல் முசோலினியின் ஆட்சி ஏற்பட்டபின் மொழியின்மீது கை விழுந்தது. இதற்குத் திட்டம் வகுத்தவர் எத்தோரே தொலொமெய். 1904இல் எல்லையோரச் சிகரம் ஒன்றில் ஏறி அதற்கு 'இத்தாலியின் உச்சி' எனப் பெயரிட்டவர் இவர். போர் முடியும் முன்னரே, 1916இல், தென் தைரோலின் ஊர், மலை, ஆறு ஆகியவற்றின் பெயர்கள் ஏறத்தாழ 12,000க்கு இத்தாலிய வடிவம் கொடுத்துப் பட்டியல் வெளியிட்டவரும் இவரே. 1923 மார்ச் மாத ஆணையால் அவரது பெயர்கள் அரசுப் பெயர்களாயின. கிரௌன், குரோன் ஆயிற்று. ரெஷன், ரேசியா ஆயிற்று. வின்ஷ்காவ், வால் வெனோஸ்தா ஆயிற்று. குரோன் என்னும் வடிவம் பழைய குரூனுக்கு நெருங்கியதே. அதனைக் காட்டி, பெயர் மாற்றம் வரலாற்றை மீட்டதே அன்றித் திணிப்பு அன்று என வாதிட்டவர் உண்டு. ஆனால் பழம்பெயரை வழங்கிய ரொமான்ஷ் மக்கள் இத்தாலியரும் அல்லர். அப்பெயரை மீட்டுத் தருமாறு ஊரார் கேட்கவும் இல்லை. சொற்பிறப்பு சரியாக இருப்பதனாலேயே ஒரு செயல் நியாயமாகிவிடாது.

அதே 1923 ஜூலையில் பொல்சானோ நகர நாடகசாலையில் தொலொமெய் தமது 32 நடவடிக்கைகளை அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் வந்த கல்விச் சட்டத்தால் பள்ளிகளில் வகுப்பு வகுப்பாக ஜெர்மன் மொழி நீக்கப்பட்டு இத்தாலியம் மட்டுமே பயிற்று மொழியாயிற்று. அலுவலகங்கள், நீதிமன்றங்கள், கடைப் பலகைகள் யாவும் மாறின. 1926இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்த்தலைவர்கள் நீக்கப்பட்டு, அரசு நியமித்த 'பொதெஸ்தா' என்னும் அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர். 1927இல் புதிய கல்லறை வாசகங்களிலும் ஜெர்மன் தடுக்கப்பட்டது.

இதற்கு மாற்றாக எழுந்தவையே 'நிலவறைப் பள்ளிகள்'. மிஹாயேல் காம்பர் என்னும் குருவானவரின் தூண்டுதலால், பண்ணை வீடுகளிலும் பரண்களிலும் தொழுவத்தருகேயும் இளம்பெண்கள் பிள்ளைகளுக்கு மறைவாக ஜெர்மன் எழுத்துக் கற்பித்தனர். ஆதி கிறித்தவர்கள் உரோமில் நிலவறைகளில் கூடியதை நினைத்து இட்ட பெயர். பிடிபட்டோருக்கு அபராதம், சிறை, நாடுகடத்தல். சலூர்ன் ஊர் வழக்கறிஞர் யோசெஃப் நோல்டின், இப்பணிக்காக லிப்பாரித் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்; அங்கு பற்றிய நோயால் 1929இல் இறந்தார். ஆசிரியை ஆங்கலா நிகொலெட்டி, சிறையும் ஊர்விலக்கும் அனுபவித்து, 1930இல் இளவயதிலேயே காசநோயால் மாண்டார். ஓர் எழுத்துப் புத்தகத்திற்காக இத்தனை விலை.

1939 ஜூன் 23இல் பெர்லினில் இரு சர்வாதிகாரிகளின் அரசுகளும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. தென் தைரோல் மக்கள் அவ்வாண்டு இறுதிக்குள் ஜெர்மனிக்குக் குடிபெயர்வதா, இத்தாலியிலேயே மொழியுரிமை இன்றி இருப்பதா என்று தெரிந்தெடுக்க வேண்டும். மொழியா, மண்ணா என்பதே கேள்வி. பெரும்பான்மையோர், 100க்கு 80 பேருக்கும் மேல், புறப்படுவதையே தெரிந்தெடுத்தனர். உண்மையில் ஏறத்தாழ 75,000 பேர் குடிபெயர்ந்தபின் போர் அதனை நிறுத்திவிட்டது. ஆனால் போவோர், இருப்போர் என்னும் பிளவு குடும்பங்களுக்குள்ளேயே புகுந்து பல்லாண்டு ஆறாப் புண்ணாய் நின்றது. போவதாகக் கையெழுத்திட்டுப் போகாமல் தங்கியோரின் குடியுரிமை நிலையும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை தெளிவின்றி இருந்தது.

ஒட்டப்பட்ட அறிவிப்பு

ஏரி நீரை மின்சாரத்துக்குப் பயன்படுத்தும் எண்ணம் புதிதன்று. 1920இலேயே நீர்மட்டத்தை ஐந்து மீட்டர் உயர்த்தும் திட்டம் இருந்தது. ஐந்து மீட்டர் என்றால் ஊர் தப்பும். சில புல்வெளிகள் மட்டும் போகும். ஆனால் மொந்தெக்காத்தீனி என்னும் பெருந்தொழில் நிறுவனம் பின்னர் வகுத்த திட்டத்தில் அந்த ஐந்து, இருபத்திரண்டாயிற்று. வடக்கிலும் நடுவிலும் உள்ள இரு ஏரிகளையும் ஒன்றாக்கி, புனித வாலண்டின் அருகே மண் அணை எழுப்பி, ஏறத்தாழ 12 கோடி கன மீட்டர் நீரைத் தேக்குவது நோக்கம். நீரை மலைக்குள் குடைந்த வழியே கீழே குளூர்ன்ஸ் பக்கம் இறக்கினால், உயர வேறுபாடே மின்விசையாகும்.

திட்டம் 1940 வசந்தத்தில் அரசிடம் முன்வைக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகப் பலகையில் அறிவிப்பும் ஒட்டப்பட்டது. ஆட்சேபம் உடையோர் குறித்த நாளுக்குள் தெரிவிக்கலாம் என்பது சட்டம். அறிவிப்பு இத்தாலிய மொழியில் இருந்தது. ஊரில் அதனைப் படித்துப் பொருள் கொள்ளத்தக்கோர் மிகச் சிலர். ஊருக்காகப் பேச வேண்டிய தலைவரோ ஊரார் தேர்ந்தெடுத்தவர் அல்லர். போவதா இருப்பதா என்னும் கலக்கம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த வேளை அது. கெடு நாள் கடந்தது. ஆட்சேபம் இல்லை என்று கோப்பு மூடப்பட்டது.

கிரௌன் வரலாற்றின் மையம் இந்த அறிவிப்பே என்பது எனது கருத்து. பலர் அணையைப் பற்றி எழுதுகின்றனர். கோபுரத்தைப் பற்றி எழுதுகின்றனர். ஆனால் ஊர் மூழ்கியது 1950இல் அன்று. ஒருவருக்கும் விளங்காத தாள் ஒன்று பலகையில் ஒட்டப்பட்டு, விளங்கியதாகக் கொள்ளப்பட்ட நாளில்தான் ஊர் மூழ்கியது. சட்டம் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட்டது. அதுவே அதன் கொடுமை.

1943இல் போர்ச்சூழலால் வேலை நின்றது. முசோலினி வீழ்ந்தார், போர் முடிந்தது, இத்தாலி குடியரசாயிற்று. 1946 செப்டம்பர் 5இல் பாரிசில் இத்தாலிய ஆஸ்திரிய அரசுகள் செய்த உடன்பாடு, தென் தைரோல் மக்களுக்குத் தாய்மொழிக் கல்வியும் தன்னாட்சியும் உறுதியளித்தது. கெட்ட கனவோடு அணையும் ஒழிந்தது என்று மக்கள் நம்பியதில் பிழையில்லை. ஆனால் 1947இல் வேலை மறுபடி தொடங்கியது. போருக்குப்பின் நலிந்திருந்த நிறுவனத்திற்கு சூரிச்சைச் சேர்ந்த எலெக்ட்ரோ-வாட் நிறுவனம் 3 கோடி சுவிஸ் பிராங்கு கடன் கொடுத்தது. மாற்றாகப் பத்தாண்டுகளுக்குக் குளிர்கால மின்சாரம் பெறுவது ஏற்பாடு. சர்வாதிகாரம் வகுத்த திட்டத்தைச் சனநாயகம் நிறைவேற்றியது. வடக்கிலுள்ள அண்டை நாட்டின் அடுப்பும் விளக்கும் எரிவதற்கு இப்பள்ளத்தாக்கின் வைக்கோல் வெளி விலையாயிற்று.

மக்கள் போராடினர். கிரௌனின் பங்குக்குரு ஆல்ஃபிரட் ரீப்பர் அவர்களுக்கு முன்னின்றார். உரோம் அரசுக்கு விண்ணப்பங்கள் போயின. ரீப்பர் ஒரு தூதுக்குழுவோடு உரோம் சென்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸைக் கண்டு முறையிட்டார். ஆறுதல் கிடைத்தது, அணை நிற்கவில்லை. 1949 கோடையில் சோதனை முறையில் நீர் தேக்கப்பட்டபோது வயலிலும் புல்வெளியிலும் நீர் புகுவதை மக்கள் நேரில் கண்டனர்.

1950 கோடை

1950 ஜூலை 18ஆம் நாள் கோபுரத்திலிருந்து மணிகள் இறக்கப்பட்டன. ஒரு வாரத்துக்குள் தேவாலயத்தின் மற்றப் பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து வீழ்ந்தன. 1357ஆம் ஆண்டைச் சேர்ந்த கோபுரம் மட்டும் தொல்சின்னப் பாதுகாப்பின் கீழ் இருந்தமையால் விடப்பட்டது. மக்கள் குடியிருந்த வீட்டைக் காக்க ஒரு சட்டமும் இல்லாதிருக்க, கல்கோபுரத்தைக் காக்கச் சட்டம் இருந்தது என்பதை முரண் என்பதா, விதி என்பதா?

மூழ்கியவை 163 வீடுகள், 523 எக்டேர் பயிர்நிலமும் புல்வெளியும். கிரௌன் முழுதும் போயிற்று. ரெஷன் ஊரின் ஒரு பகுதியும் சுற்றிலுமிருந்த சிறு குடியிருப்புகளும் உடன் போயின. இழப்பீடு பணமாகத் தரப்பட்டது. மதிப்பீடோ மிகத் தாழ்வு. மேலே சொன்னபடி, இங்குப் புல்வெளிக்கு ஈடாகப் புல்வெளிதான் வேண்டும். பணத்தைக் கொண்டு வாங்க அருகில் சமநிலம் மிச்சமில்லை. வீடிழந்தோர் லாங்டௌஃபர்ஸ் கிளைப்பள்ளத்தாக்கின் வாயிலில் அமைத்த மரக்கொட்டகைகளில் தங்க வைக்கப்பட்டனர். மலைக்காற்றும் பனியும் கொண்ட அவ்வுயரத்தில் அவை என்ன காப்பாகும்? தீவனமில்லா மாடுகள் விற்கப்பட்டன. மாடு போனபின் மக்களும் போயினர். பெரும்பாலான குடும்பங்கள் பள்ளத்தாக்கைவிட்டே வெளியேறிப் பிற ஊர்களில் சிதறின. தங்கியோர் கரைமேல் புதிய கிரௌனைக் கட்டினர்.

பாரிஸ் உடன்பாட்டின் பயன் அவர்களுக்கும் கிட்டியது. பள்ளியில் ஜெர்மன் திரும்பியது. 1948ஆம் ஆண்டின் முதல் தன்னாட்சிச் சட்டம் குறையுடையதாயினும் 1972ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டம் உண்மையான ஆட்சியுரிமை தந்தது. 1992இல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் பிணக்கு முடிந்ததாக ஐக்கிய நாடுகள் அவைக்கு அறிவித்தன. இன்று ஊர்ப் பலகையில் கிரௌன், குரோன் என இரு பெயர்களும் உள்ளன. மின்நிலையமும் தென் தைரோலின் பொதுத்துறை நிறுவனமான ஆல்பேரியாவின் கைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் தங்கள் மொழியில் அறிவிப்புகளைப் படிக்கலாம். புல்வெளி மட்டும் திரும்பவில்லை.

இன்று காணத்தக்கவை

கிரௌனுக்குச் செல்வோர் எல்லோரும் கோபுரத்தையே நாடுகின்றனர். சாலையோரத்தில் பெரிய வண்டி நிறுத்துமிடம். பேருந்துகளில் வருவோர் சில நிமிடம் நின்று படமெடுத்துப் போய்விடுவர். கோடையில் ஓயாது வீசும் காற்றைப் பயன்படுத்தி இளைஞர் பட்டம் பிடித்து நீர்மேல் சறுக்குகின்றனர். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிட்டால் பனிக்கட்டியின்மேல் நடந்துபோய்க் கோபுரச் சுவரையே தொடலாம். தெற்கே நோக்கினால் 3,905 மீட்டர் உயர ஓர்ட்லர் சிகரம் வெள்ளைச் சுவராய் எழும். அழகு என்பதில் ஐயமில்லை. அந்த அழகே கதையை மறைத்துவிடுகிறது என்பதும் மெய்.

குளிர்கால இரவுகளில் நீருக்கடியிலிருந்து மணியோசை கேட்கும் என்றொரு கதை வழங்குகிறது. மணிகள் நீர் வருமுன்னரே இறக்கப்பட்டதை மேலே கண்டோம். கரைமேல் கட்டிய புதிய புனித கத்தரீனா தேவாலயத்தில் அவற்றின் ஓசையைப் பகலிலேயே கேட்கலாம். ஆயினும் வெளியூரார் அதைக் கேட்கப் போவதில்லை. கேளாத ஓசைக்கே மதிப்பு.

கோபுரத்தைவிட்டுச் சற்று விலகினால் காணத்தக்கவை வேறு சில. மேட்டின்மேல் நின்றமையால் வெள்ளத்துக்குத் தப்பிய புனித அன்னாள் சிற்றாலயம் பழைய கிரௌனின் எஞ்சிய சாட்சி. மேற்குச் சரிவில் ஏறத்தாழ 1,970 மீட்டர் உயரத்தில் ரோயன் என்னும் சிற்றூர். ஆல்ப்ஸ் மலையில் ஆண்டு முழுதும் மக்கள் வாழும் மிக உயர்ந்த குடியிருப்புகளில் ஒன்று. அங்குள்ள புனித நிக்கோலா ஆலயம் வெளியே குடிசை போல எளியது, உள்ளே கி.பி. 1400ஐ ஒட்டிய சுவரோவியங்கள் சுவர்தோறும் நிறைந்துள்ளன. அணைக்காரர்களின் கோடு எட்டாத உயரத்தில் இருந்ததே அவ்வோவியங்களின் பேறு.

எல்லையோரம் பிளாமோர்ட் என்னும் சதுப்பு மேட்டில், டாங்கிகளைத் தடுக்க முசோலினி அரசு நட்ட காங்கிரீட்டும் இரும்புமான கூர்த்தடிகள் வரிசையாக நிற்கின்றன. நட்பு நாடு என்று சொல்லிக்கொண்ட ஜெர்மனிக்கு எதிராகவே அவ்வரண் கட்டப்பட்டது. பாரிஸ் உடன்பாடும் பெர்லின் ஏற்பாடும் படிக்காத ஒருவர்க்கும் அந்நாளைய அரசுகளின் உறவு எத்தகையது என்பதை அந்தத் தடிகள் சொல்லிவிடும். அங்கு நின்று கீழே பார்த்தால் ஏரி முழுதும் ஒரே பார்வையில் அடங்கும்.

அண்மைக்காலத்தில் இவ்வூர் இலக்கியத்திலும் இடம் பெற்றது. மிலான் நகர எழுத்தாளர் மார்க்கோ பல்சானோ, நிலவறைப் பள்ளியில் கற்பித்த ஒரு பெண்ணின் வாய்மொழியாக அமைத்த நாவல் 2018இல் வெளியாகி, இத்தாலியின் பெயர்பெற்ற ஸ்திரேகாப் பரிசின் இறுதிச் சுற்றை எட்டியது. அதன் தலைப்பின் பொருள், 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்பது. இத்தாலிய மொழியில் எழுதும் ஒருவரே இக்கதையை இத்தாலியருக்குச் சொன்னது கருதத்தக்கது. 2020இல் வந்த 'குரோன்' என்னும் திகில் தொடரோ மணியோசைக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது.

2009இல் கோபுரச் சுவரின் விரிசல்கள் செப்பனிடப்பட்டன. நீர் ஏறுவதும் இறங்குவதும் உறைவதும் உருகுவதுமாக ஆண்டுதோறும் கல்லைத் தின்றுகொண்டிருக்கின்றன. 2021 வசந்தத்தில் சீரமைப்பு வேலைக்காக ஏரிநீர் வடிக்கப்பட்டபோது, எழுபது ஆண்டுகளாகக் கண்ணிற்படாத அடித்தளம் வெளிப்பட்டது. வெடித்துச் சரிந்த சுவர்களின் வரிசை, நிலவறைக் குழிகள், எங்கும் ஏறிச்செல்லாத சில கற்படிகள். மக்கள் திரளாக வந்து அச்சேற்றின்மேல் நடந்தனர். எந்தச் சுவர் எந்த வீட்டினுடையது என்று சொல்லத்தக்கோர் அதற்குள் மிகச் சிலராகிவிட்டிருந்தனர். வேலை முடிந்தபின் மதகுகள் மூடப்பட்டு நீர் மறுபடியும் ஏறியது.